லேப்டாப்பில் வைஃபை இருக்கிறதா? காசு கொடுக்கும் முன்னும், கொடுத்த பின்னும் பார்க்கும் வழி

பழைய லேப்டாப் கடையில் "வைஃபை எல்லாம் சூப்பரா எடுக்குங்ணா" என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை சின்னமே இருக்காது. பூமி உருண்டை மாதிரி ஒரு படமும் அதன்மேல் ஒரு தடைக்குறியும் மட்டும் நிற்கும். "இதுல வைஃபையே இல்லண்ணா, டாங்கிள் வாங்கிக்கோங்க" என்று யாராவது சொல்வார்கள். டாங்கிள் என்பது யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வைஃபை கருவி. அந்தப் பேச்சை நம்பிக் கடைக்கு ஓட வேண்டாம்.

சின்னம் காணாமல் போவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. உள்ளே வைஃபை கார்டே இல்லாமல் இருக்கலாம். கார்டு இருந்தும் எங்கேயோ அணைத்து வைத்திருக்கலாம். அல்லது கார்டு நன்றாக இருந்தும் அதை விண்டோஸுக்கு அடையாளம் தெரியாமல் இருக்கலாம், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை. கார்டு இல்லாவிட்டால்தான் கைக்காசு செலவு. அணைந்திருப்பதைத் தூண்டிவிட ஒரு பைசா ஆகாது. டிரைவர் போட அரை மணி நேரம் போதும். ஆகவே செலவில்லாததை முதலில் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் திருப்புளியை எடுக்க வேண்டும். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கைக்கு வரும் பழைய லேப்டாப்களில் பெரும்பாலானவை இரண்டு வகை. ஒன்று, பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து ஓசூர் வழியாக வரும் கம்பெனி ரிட்டர்ன் மெஷின்கள், அதாவது கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விற்றவை. இன்னொன்று, 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கி, இப்போது தம்பி தங்கை கையில் இருப்பவை. கம்பெனி மெஷினில் பெரும்பாலும் பயாஸில்தான், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்தான், வைஃபையைப் பூட்டியிருப்பார்கள். அரசு லேப்டாப்பில் வழக்கமான கோளாறு, யாரோ பழைய விண்டோஸை அழித்துப் புதிது போட்டு, டிரைவரை மட்டும் போடாமல் விட்டது. எந்த வகை என்று தெரிந்தால் எங்கே தொடங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

வைஃபை வேறு, நெட் வேறு

அஞ்செட்டி மலைப்பக்கமோ, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் சாலையிலோ போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்துவிட்டு, "கனெக்டட், நோ இன்டர்நெட்" என்று வந்ததும் லேப்டாப்பைத் திட்டுவார்கள். அந்த வரி வந்தாலே வைஃபை கார்டு வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவில் இருப்பது வைஃபை. போனுக்கும் டவருக்கும் நடுவில் இருப்பது சிம் கம்பெனியின் பாடு. டவர் எடுக்காத இடத்தில் லேப்டாப்பை மாற்றினாலும் நெட் வராது.

இன்னொரு குழப்பம் சிம் துவாரம். கம்பெனி ரிட்டர்ன் மெஷின்கள் சிலவற்றில் பேட்டரிக்கு அடியிலோ பக்கவாட்டிலோ சிம் போடும் இடம் இருக்கும். அதைப் பார்த்து நெட் வசதி உண்டு என்று நினைக்க வேண்டாம். சிம்மைப் படிக்க உள்ளே தனியாக ஒரு மோடம் கார்டு வேண்டும். துவாரம் மட்டும் இருந்து கார்டு இல்லாத மெஷின்களே அதிகம். அதற்கும் வைஃபைக்கும் சம்பந்தம் கிடையாது.

வெளியிலேயே தெரிவது

முதலில் லேன் கேபிள் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். கம்பெனிகளுக்கு விற்கும் டெல், எச்பி மாடல்களில், லேன் வயர் போட்டதும் வைஃபை தானாக அணையும்படி பயாஸில் ஒரு வசதி உண்டு. கடையில் லேன் வயரோடு வைத்துக் காட்டும் மெஷினில் வைஃபை செத்ததுபோல் தெரிவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து ஸ்விட்ச். 2012 வாக்கிலும் அதற்கு முன்பும் வந்த பல லேப்டாப்களில் முன்விளிம்பிலோ வலது பக்கத்திலோ நகத்தால் தள்ளும் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். தூசி படிந்து உடம்போடு ஒன்றிப்போயிருக்கும், தடவிப் பார்த்தால்தான் தெரியும். அது அணைந்திருந்தால் விண்டோஸில் என்ன செய்தாலும் வைஃபை வராது. ஸ்விட்ச் இல்லாதவற்றில் மேல்வரிசைப் பொத்தான்களில் ஒன்றில் ஆண்டெனா படமோ விமானப் படமோ போட்டிருக்கும். பழைய டெல்லில் எஃப்என் பொத்தானோடு எஃப்2, ஏசரில் எஃப்என்னோடு எஃப்3, பழைய லெனோவோவில் எஃப்என்னோடு எஃப்5, எச்பியில் எஃப்12 என்று பொதுவாக இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் எண்ணை நம்பாமல் படத்தைப் பாருங்கள். எச்பியில் அந்தப் பொத்தானிலேயே ஒரு விளக்கு இருக்கும். ஆரஞ்சு எரிந்தால் அணைந்திருக்கிறது, நீலமோ வெள்ளையோ எரிந்தால் ஓடுகிறது. ஆரஞ்சு விளக்கு எரிவது ஒரு நல்ல செய்திதான், ஏனென்றால் உள்ளே கார்டு இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஸ்டிக்கர்களும் கொஞ்சம் பேசும். கைவைக்கும் இடத்தில் "சென்ட்ரினோ" என்ற இன்டெல் ஸ்டிக்கர் இருந்தால், அந்த மெஷின் கம்பெனியிலிருந்து வரும்போது வைஃபையோடுதான் வந்தது. 2003-இல் இன்டெல் அந்தப் பெயரைக் கொண்டுவந்தபோது பிராசஸர், சிப்செட், வைஃபை மூன்றும் தன்னுடையதாக இருந்தால்தான் ஸ்டிக்கர் ஒட்ட விட்டது. அடிப்பக்கத்தில் "டபிள்யூலேன்" (வைஃபைக்கு இன்னொரு பெயர்) என்ற சொல்லோடு எஃப்சிசி எண் (அமெரிக்க அரசின் ரேடியோ அனுமதி எண்) போட்டிருந்தாலும் அதே அர்த்தம். ஆனால் வரும்போது இருந்தது என்பதற்குத்தான் ஸ்டிக்கர் சாட்சி. கார்டை நடுவில் யாரும் கழற்றவில்லை என்பதற்கு அது சாட்சி இல்லை.

டெல் மெஷினாக இருந்தால் அடியில் 7 எழுத்தும் எண்ணும் கலந்த சர்வீஸ் டேக் இருக்கும். அதை டெல்லின் சப்போர்ட் தளத்தில் போட்டால் அந்த மெஷின் எந்தெந்த உறுப்புகளோடு கம்பெனியை விட்டுக் கிளம்பியது என்ற பட்டியல் கிடைக்கும், வைஃபை கார்டின் பெயர் உட்பட.

டிவைஸ் மேனேஜர்: பதில் இருக்கும் இடம்

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் "டிவைஸ் மேனேஜர்" என்பதைத் தட்டி, "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" என்ற வரியை விரியுங்கள். அங்கே வரும் பெயர்களில் "வயர்லெஸ்", "வைஃபை", "802.11", "டூயல் பேண்ட்", "டபிள்யூலேன்" என்ற சொற்களில் ஏதாவது ஒன்று இருந்தால் கார்டு உண்டு, டிரைவரும் உண்டு. இன்டெல், ரியல்டெக், குவால்காம் ஏதெராஸ், பிராட்காம், மீடியாடெக் ஆகிய ஐந்து பெயர்களில் ஒன்றுதான் பெரும்பாலும் முன்னால் நிற்கும்.

இங்கே ஏமாற வைக்கும் வரிகள் உண்டு. "வேன் மினிபோர்ட்" என்று ஆறேழு வரி வரும். அந்த "வேன்" டபிள்யூ-ஏ-என், நாம் தேடுவது டபிள்யூ-எல்-ஏ-என். நடுவில் ஒரு எல் இல்லாததைக் கவனிக்காமல் "இதோ இருக்கே" என்று காட்டுபவர்கள் கடைகளிலேயே உண்டு. வேன் மினிபோர்ட் என்பது விண்டோஸ் தானாகவே எல்லாக் கணினியிலும் உருவாக்கி வைக்கும் மென்பொருள் வரி, உறுப்பு இல்லை. "ஜிபிஇ ஃபேமிலி கண்ட்ரோலர்", "கிகாபிட் ஈதர்நெட்" என்பவை லேன் வயருக்கானவை. "புளூடூத் டிவைஸ்" என்று தொடங்குவது புளூடூத்துக்கானது.

ஆனால் புளூடூத் வரி ஒரு நல்ல துப்பு. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த லேப்டாப்களில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில்தான் இருக்கும். புளூடூத் வேலை செய்து வைஃபை மட்டும் காணவில்லை என்றால், கார்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, கோளாறு டிரைவரிலோ பயாஸிலோ என்று சந்தேகப்படலாம். மிகப் பழைய மெஷின்களில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

பெயர் இருந்து, அதன் சின்னத்தில் கீழ்நோக்கி ஒரு சின்ன அம்பு தெரிந்தால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து "எனேபிள்" கொடுத்தால் போதும். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் இரண்டு முறை தட்டித் திறந்து கோட் எண்ணைப் பாருங்கள். 22 என்றால் அணைத்திருக்கிறது. 28 என்றால் டிரைவர் இல்லை. 10 அல்லது 43 என்றால் கார்டு இருக்கிறது, ஆனால் எழுந்திருக்க மறுக்கிறது. 10, 43 வந்தால் டிரைவரைத் தேடும் முன் ஒன்று செய்யுங்கள். மெஷினை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி வெளியே கழலும் மாடலானால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்ததும் கார்டு முதலிலிருந்து தொடங்கும். கேட்டால் நாட்டு வைத்தியம் போலத்தான் இருக்கும், ஆனால் பல மெஷின்களில் காணாமல் போன வைஃபை இப்படித் திரும்பி வரும்.

நெட்வொர்க் அடாப்டர்ஸில் எதுவுமே இல்லையென்றால் பட்டியலில் "அதர் டிவைசஸ்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். அதில் மஞ்சள் குறியோடு "நெட்வொர்க் கண்ட்ரோலர்" என்று இருந்தால் நிம்மதி. அது பெரும்பாலும் பெயர் தெரியாத வைஃபை கார்டுதான். லேன் போர்ட் டிரைவர் இல்லாமல் கிடந்தால் "ஈதர்நெட் கண்ட்ரோலர்" என்று வரும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அது யாருடைய கார்டு என்று கண்டுபிடிக்க வலது கிளிக் செய்து "பிராப்பர்ட்டீஸ்", பிறகு "டீடெயில்ஸ்", அங்கே "ஹார்டுவேர் ஐடிஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான வரியில் "விஇஎன்" என்ற மூன்றெழுத்துக்கு அடுத்து நான்கு எழுத்து இருக்கும். 8086 என்றால் இன்டெல். 10இசி ரியல்டெக். 168சி குவால்காம் ஏதெராஸ். 14இ4 பிராட்காம். 14சி3 மீடியாடெக். அடுத்துள்ள "டிஇவி" எண் மாடலைச் சொல்லும். இரண்டையும் போனில் தேடினால் கார்டின் முழுப் பெயர் வந்துவிடும்.

டிரைவரை லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில், உங்கள் மாடல் எண்ணைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். "எல்லா டிரைவரும் ஒரே கிளிக்கில்" என்று வரும் மென்பொருள்கள் வேண்டாத நாலைந்தையும் கூட்டிக்கொண்டு வரும்.

வைஃபை இல்லாத மெஷினில் டிரைவர் இறக்குவது எப்படி என்று கேட்பீர்கள். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் உள்ள "யூஎஸ்பி டெதரிங்" என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் எந்த டிரைவரும் போடாமலே நெட் வந்துவிடும். அந்த வரி மங்கலாகத் தெரிந்து தட்டவே முடியவில்லை என்றால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம். வெறும் சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா வயரே இருக்காது. போனோடு வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள். நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒருமுறை ஓடவிட்டால், அதுவே வைஃபை டிரைவரையும் தேடிப் போட்டுவிடுவது உண்டு.

கறுப்புத் திரையில் ஒரு கட்டளை

ஸ்டார்ட் மெனுவில் "சிஎம்டி" என்று அடித்து கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து நான்கு சொல் அடிக்க வேண்டும்: நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, டிரைவர்ஸ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. முதல் சொல் என்-இ-டி-எஸ்-எச், இரண்டாவது டபிள்யூ-எல்-ஏ-என்.

வயர்லெஸ் இன்டர்ஃபேஸ் எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தால் விண்டோஸின் கண்ணுக்குக் கார்டு தெரியவில்லை. "ஆட்டோகான்ஃபிக் சர்வீஸ் ஓடவில்லை" என்று வந்தால் கார்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. விண்டோஸின் ஒரு சேவையை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். "சர்வீசஸ்" என்று தேடித் திறந்து, "டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்" என்பதை "ஆட்டோமேடிக்" ஆக்கி, "ஸ்டார்ட்" கொடுங்கள். மெஷினை வேகமாக்குகிறேன் என்று கண்டதை நிறுத்தி வைத்த கணினிகளில் இது அடிக்கடி வரும்.

விவரங்கள் வந்தால் "ரேடியோ டைப்ஸ் சப்போர்ட்டட்" என்ற வரியைப் பாருங்கள். பி, ஜி, என் மட்டும் இருந்தால் அது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையை மட்டும் பிடிக்கும் கார்டு. 802.11ஏ என்றோ 802.11ஏசி என்றோ சேர்ந்து வந்தால் 5 கிகாஹெர்ட்ஸும் உண்டு. ஏஎக்ஸ் என்று இருந்தால் வைஃபை 6. வெறும் ஜி வரைதான் என்றால் அது 2003-இல் வந்த தரம். ஏட்டில் 54 எம்பிபிஎஸ், நடப்பில் அதில் பாதிகூட வராது. மெயில் பார்க்கலாம், ஆன்லைன் வகுப்பு திணறும்.

அதே பக்கத்தில் எந்தெந்தப் பாதுகாப்பு முறைகள் ஓடும் என்ற பட்டியலும் இருக்கும். அதில் டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை இல்லையென்றால், டபிள்யூபிஏ3 மட்டும் வைத்த ரவுட்டரிலோ ஹாட்ஸ்பாட்டிலோ அந்த லேப்டாப் சேராது. பாஸ்வேர்ட் சரியாகப் போட்டும் "கனெக்ட் ஆகவில்லை" என்று திரும்பத் திரும்ப வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். போனில் ஹாட்ஸ்பாட் செக்யூரிட்டியை டபிள்யூபிஏ2-க்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பயாஸ்

கம்பெனி ரிட்டர்ன் மெஷினில் டிவைஸ் மேனேஜர் சுத்தமாக வெறுமையாக இருந்தால் பயாஸுக்குள் போங்கள். மெஷினைப் போட்டதும் டெல், ஏசர், அசூஸில் எஃப்2, எச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1 பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விண்டோஸிலிருந்து "ஷட் டவுன்" செய்து போட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாகப் பொத்தானுக்குப் பிடி கொடுக்காமல் ஓடிவிடும், "ரீஸ்டார்ட்" கொடுத்துவிட்டுத் தட்டுங்கள்.

உள்ளே "வயர்லெஸ்", "டபிள்யூலேன்", "பில்ட்-இன் டிவைஸ்" என்ற பெயர்களில் ஒரு பகுதி இருக்கும். அங்கே டிக் எடுத்திருந்தால் போடுங்கள். லேன் வயர் செருகினால் வைஃபை அணையும் வசதியும் அங்கேதான் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இந்தப் பகுதியே இருக்காது, அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

பயாஸ் பாஸ்வேர்ட் கேட்டால்? வாங்கும் முன் கேட்டால் அந்த மெஷினை வைத்துவிட்டு வாருங்கள். பழைய கம்பெனி போட்ட பூட்டு அது. வைஃபையை உள்ளே அணைத்திருந்தால் பாஸ்வேர்ட் இல்லாமல் திறக்க வழியில்லை, "அப்புறம் எடுத்துக் குடுக்கறேங்ணா" என்பது நடக்காத வேலை. கம்பெனி மெஷின் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே பயாஸைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

விண்டோஸ் இல்லாத மெஷின்

அரசு லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் பாஸ் லினக்ஸ் இருந்தால், அல்லது எந்த ஓஎஸ்ஸும் இல்லாமல் கடையில் கொடுத்தால், 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை ஏற்றி, மெஷினில் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்கு டிரைவர் அதிலேயே இருக்கும். வைஃபை பெயர்கள் திரையில் வந்துவிட்டால் கார்டு நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில் என்று முடிவாகிவிடும். டெர்மினலில் "எல்எஸ்பிசிஐ" என்று அடித்தால் உள்ளே உள்ள கார்டுகளின் பெயர் வரும், டிரைவர் இல்லாவிட்டாலும் வரும். "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று அடித்தால் "சாஃப்ட் பிளாக்", "ஹார்ட் பிளாக்" என்று இரண்டு வரி காட்டும். ஹார்ட் பிளாக்கில் "யெஸ்" என்றிருந்தால் பெரும்பாலும் வெளி ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. பிராட்காம் கார்டுகள் சில மட்டும் லினக்ஸில் தனி டிரைவர் கேட்கும், அவற்றில் வைஃபை வராததை வைத்துக் கார்டைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

மேக்புக் என்றால் இந்தத் தேடலே வேண்டாம். 2006-இல் வந்த முதல் மேக்புக்கிலிருந்து எல்லாவற்றிலும் வைஃபை உண்டு. ஆப்ஷன் பொத்தானை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை சின்னத்தைத் தட்டினால் விவரம் தெரியும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கடையின் ரவுட்டரில் இணைத்துக் காட்டுவது சோதனை ஆகாது. ரவுட்டர் மேஜைக்கு மேலேயே இருக்கும், ஆண்டெனா அறுந்த லேப்டாப்கூட அதைப் பிடித்துவிடும். உங்கள் போனிலேயே சோதியுங்கள்.

ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்யும் முன் பேண்டை, அதாவது அலைவரிசையை, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஐபோனில் "மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி" என்பதை ஆன் செய்தால் அதே வேலை நடக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் பழைய கார்டு அதைப் பார்க்கவே பார்க்காது, நல்ல மெஷினை வேண்டாம் என்று வந்துவிடுவீர்கள். வீட்டு ரவுட்டரில் பெயருக்குப் பின்னால் "5ஜி" என்று வருவதும் இந்த 5 கிகாஹெர்ட்ஸ்தான். சிம்மில் வரும் 5ஜி வேறு. "என் லேப்டாப்பில் 5ஜி வைஃபை காட்டவில்லை, கெட்டுப்போச்சு" என்று வருபவர்களில் பலருக்குக் கெட்டுப்போனது ஒன்றுமில்லை.

போனை லேப்டாப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்து இணைத்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் அதே கட்டளையில் கடைசிச் சொல்லை மட்டும் "இன்டர்ஃபேசஸ்" என்று மாற்றி அடியுங்கள். புதிய விண்டோஸ் 11-இல் லொகேஷன் அனுமதி கேட்டால் கொடுத்துவிடுங்கள். "சிக்னல்" என்ற வரியில் சதவீதம் வரும். இவ்வளவு பக்கத்தில் 90-க்கு மேல் இருக்க வேண்டும். 40, 50 என்று காட்டினால் ஆண்டெனாவில் கோளாறு. பிறகு போனை நண்பர் கையில் கொடுத்து இருபது முப்பது அடி தள்ளி, நடுவில் ஒரு சுவர் இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். சதவீதம் குறைவது இயல்பு. இணைப்பு அறுந்து போனால் வாங்காதீர்கள், அல்லது அதற்கான விலையைக் குறையுங்கள்.

கடைசியாக, இணைப்பு ஓடும்போதே திரையை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆண்டெனா பெரும்பாலும் இருப்பது திரைக்குப் பின்னால், மேல் விளிம்பில். அதன் வயர்கள் கீல் வழியாகத்தான் கீழே வருகின்றன. கீல் உடைந்து ஒட்டிய மெஷினில் அந்த வயர் நசுங்கியோ அறுந்தோ இருக்கும். திரை ஒரு கோணத்தில் இருக்கும்போது நெட் வந்து, இன்னொரு கோணத்தில் போனால் இதுதான் காரணம். கீல் ஒட்டிய தழும்பு தெரியும் மெஷினில் இந்தச் சோதனையை விடவே கூடாது.

திறந்து பார்ப்பது

இவ்வளவும் பார்த்தும் விடை கிடைக்காவிட்டால்தான் அடிமூடி. வாரண்டி உள்ள மெஷினைத் தொடாதீர்கள். அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.

வைஃபை கார்டு தபால் தலை அளவு. 2013, 14 வரை வந்தவற்றில் மினி பிசிஐஇ வகை, சுமார் 30-க்கு 27 மில்லிமீட்டர். பிறகு வந்தவற்றில் எம்.2 வகை, 22-க்கு 30. அதன் முதுகில் கறுப்பும் வெள்ளையுமாக, சில மெஷின்களில் சாம்பல் நிறத்திலும், நூல் போல இரண்டு வயர் வந்து பித்தளைப் பொட்டுகளில் உட்கார்ந்திருக்கும். கார்டு செருகும் துளை இருந்து, அதன் பக்கத்தில் இந்த இரண்டு வயர்கள் மட்டும் அனாதையாகக் கிடந்தால் கார்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். துளையே இல்லையென்றால், கார்டு போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், மெல்லிய புது மாடல்களில் அப்படித்தான்.

கார்டு இருந்து வயர் கழன்றிருந்தால் அதை மாட்டுவது நுணுக்கமான வேலை. பொட்டின் மேல் வயர் முனையை நேராக வைத்து, சரியாக உட்கார்ந்ததா என்று விரல் நுனியால் அசைத்துப் பார்த்து, பிறகு செங்குத்தாக அழுத்த வேண்டும். "டிக்" என்று மெலிதாக ஒரு சத்தம் வரும். சாய்வாக அழுத்தினால் முனையின் ஓரம் வளைந்துவிடும், பிறகு என்ன செய்தாலும் நிற்காது. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, முனைக்கு அடியில் நகத்தை விட்டு நிமிர்த்த வேண்டும். எம்.2 கார்டின் முனை மினி பிசிஐஇ முனையைவிடச் சின்னது, திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் தளர்ந்துவிடும். ஆகவே சும்மா கழற்றிப் பார்க்க வேண்டாம்.

கார்டா, டாங்கிளா

கார்டு இல்லை என்று உறுதியாகிவிட்டால் இரண்டு வழி. புதுக் கார்டு போடுவதென்றால் துளை எந்த வகை என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இன்டெல் ஏஎக்ஸ்200-ஐயும் ஏஎக்ஸ்201-ஐயும் பெயரில் ஒரு எண் வித்தியாசம்தானே என்று மாற்றி வாங்கிவிடுவார்கள். 201 பாதி மூளையைப் பிராசஸரிடம் கடன் வாங்கும் வகை. இன்டெல்லின் 10-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும் வந்த, அதற்கென்றே அமைத்த போர்டுகளில்தான் ஓடும். ஏஎம்டி மெஷினிலும் பழைய இன்டெல்லிலும் அது வெறும் தகடு. 200 தனியாக இயங்கும்.

பழைய திங்க்பேடிலும் எச்பியிலும் இன்னொரு சிக்கல். கம்பெனி அனுமதித்த கார்டைத் தவிர வேறு போட்டால் மெஷின் விண்டோஸுக்கே போகாமல் நின்றுவிடும். திங்க்பேடில் 1802 என்ற எண்ணும் எச்பியில் 104 என்ற எண்ணும் திரையில் வரும். கார்டு கெட்டது இல்லை, பயாஸ் அதை உள்ளே விடவில்லை. அந்த மாடலுக்கென்று வந்த கார்டைத் தேடிப் போட வேண்டும், அல்லது டாங்கிளுக்குப் போக வேண்டும்.

டாங்கிள் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். விரல் நக அளவில் வரும் மலிவான 150 எம்பிபிஎஸ் வகை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை பார்ப்பவருக்கு அது போதும். வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் 2.4, 5 இரண்டையும் பிடிக்கும் டூயல் பேண்ட் வகை வாங்குங்கள். விண்டோஸ் 7 ஓடும் மெஷினுக்கு வாங்கும்போது அட்டைப் பெட்டியில் விண்டோஸ் 7 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், புது டாங்கிள்கள் பலவற்றுக்கு அதில் டிரைவர் வருவதில்லை. டாங்கிளை நீல நாக்கு உள்ள யூஎஸ்பி 3 துளையில், பக்கத்துத் துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது போட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தடுமாறும். யூஎஸ்பி 3-இல் டேட்டா ஓடும்போது கிளம்பும் மின்காந்த இரைச்சல் அதே அலைவரிசைப் பக்கம் விழுவதுதான் காரணம். எதிர்ப்பக்கத்துத் துளைக்கு மாற்றுங்கள், அதுவும் இல்லையென்றால் ஒரு முழ நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளை மாட்டி மேஜைமேல் தள்ளி வையுங்கள்.